1859-ஐ எப்படிப் படிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

1859 ஜனவரியில் லண்டனில் கார்ல் மார்க்ஸ் தம் நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். மனிதர்கள் பிழைப்புக்கு வேண்டியதை எப்படி உற்பத்தி செய்கிறார்களோ, அதன்மேல்தான் சட்டமும் அரசும் எழுகின்றன. உற்பத்திச் சக்திகள் வளர்ந்து பழைய உறவுகளுக்குள் அடங்காமல் போகும்போது சமூகப் புரட்சிக் காலம் தொடங்குகிறது. அதன் சாரம் இதுதான். அதே ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு விளம்பரம், அதாவது அரசு அறிவிப்பு, வெளியிட்டார். அதுவரை மேலாடைக்குக் கட்டுப்பாடு இருந்த நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுக்கலாம் என்றது அது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் முன்னதை வைத்துப் பின்னதை விளக்கப் பார்த்தால், வரலாற்றுத் தத்துவம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பது புரியும்.

முதல் சிக்கல், படிவரிசை. உற்பத்தி முறைகளை ஆசிய முறை, பண்டைய முறை, நிலப்பிரபுத்துவம், முதலாளியம் என்று மார்க்ஸ் அடுக்கினார். திருவிதாங்கூரின் தெற்கான நம் பகுதியிலோ 1855 வரை அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்தது. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கும் அரசும் இருந்தது. கிறிஸ்தவ மிஷன் வீட்டுப் பெண்கள் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலில் கையில் காசு பார்த்த பெண்களும் அதே காலத்தவர்கள்தான். எல்லாம் ஒன்றாகவே நடந்தன. இந்திய வரலாற்றில் பழைய முறை சாகாமல் புதியதோடு சேர்ந்தே வாழ்வதை வரலாற்றாளர் டி.டி. கோசாம்பி அழுத்திச் சொன்னார். அவர் பேச்சு இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

இரண்டாவது சிக்கல், எது முந்தி என்பது. கையில் காசு வந்ததால்தான் மானம் கேட்டார்கள் என்பது பாதி விளக்கம். 1809 முதல் 1851 வரை வாழ்ந்த சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர், தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். சுவாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்தவர்கள். அவர்கள் தொழில் மாறுமுன்பே தலை நிமிர்ந்துவிட்டது. பொருளாதாரத்தை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைப் பேசாமல் தாண்டிவிடுவார்கள்.

எனக்கு இங்கே கூடுதலாக உதவுபவர் பிரெஞ்சு வரலாற்றாளர் பெர்னான் பிராதேல். வரலாறு மூன்று வேகத்தில் ஓடுகிறது என்றார் அவர்: மண்ணும் நீரும் மிக மெதுவாக, சமூகமும் பொருளாதாரமும் தலைமுறைக் கணக்கில், சம்பவங்கள் வேகமாக. மண்ணைப் பாருங்கள். பழையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த நாஞ்சில் நாட்டில் கோயில் நிலமும் பெருநிலக்காரரும். நீர் எட்டாத செம்மணல் தேரிக்காட்டில் பனையும் அதன்மேல் வரியும். இதன் மேலே நடுத்தட்டு: மயிலாடியில் தொடங்கிய மிஷன் பணி, பள்ளிக்கூடம், அச்சகம், லேஸ் கூலி. எல்லாவற்றுக்கும் மேலே சம்பவங்கள்: மேலாடையைக் கட்டுப்படுத்திய 1829 விளம்பரம், 1858 நவம்பரில் வந்த விக்டோரியா ராணியின் பிரகடனம், சந்தையில் கிழிக்கப்பட்ட ரவிக்கை, சென்னை ஆளுநர் டிரெவெல்யன் மகாராஜாவுக்குத் தந்த நெருக்கடி. மேல்தட்டை மட்டும் படித்தால் எல்லாம் ஓர் ஆளுநர் எழுதிய கடிதத்தால் நடந்ததாகத் தோன்றும். அடித்தட்டை மட்டும் படித்தால் ஏன் 1859, ஏன் 1829 இல்லை என்பதற்குப் பதில் கிடைக்காது. அடித்தட்டு அசையாது என்றும் எண்ண வேண்டாம். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அதையே அசைத்தது.

உங்கள் ஊருக்கு இதைச் செய்து பார்க்க விரும்பினால், முதலில் ஆண்டுக் கணக்கில் சறுக்காதீர்கள். பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது ஆவணியில் பிறக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ஜூலை 1859 என்பது கொல்லம் 1034. கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் 825 கூட்டுபவர்கள், ஆவணிக்கும் டிசம்பருக்கும் இடையே நடந்த காரணத்தை ஓராண்டு தள்ளி, விளைவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். அதன்பிறகு எவ்வளவு நல்ல தத்துவமும் வீண்.

அடுத்து, ஆவணத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். 1859 விளம்பரம் ரவிக்கை அணியலாம் என்றது. மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம் என்றது. எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்று முடித்தது. மேடைப் பேச்சுகளில் இந்தக் கடைசி நிபந்தனை பெரும்பாலும் விட்டுப்போகிறது. உரிமை கிடைத்தது உண்மை. சாதிக்கோடு அழியவில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது.

இன்னொன்று, யார் எழுதி வைத்தார்கள் என்பது. மிஷன் அறிக்கைகளில் எரிந்த ஜெபவீடும் பள்ளியும் கணக்கில் வரும். அரண்மனைத் தாள்களில் ஒழுங்கு கெட்டது என்ற கவலை வரும். துணி கிழிக்கப்பட்ட பெண்ணின் பேச்சு இரண்டிலும் அரிது. அதற்கு வழக்கு வாக்குமூலம், சபைப் பதிவேடு, பாட்டிமார் வாயில் மிஞ்சியிருக்கும் பாட்டு என்று வேறு இடங்களில்தான் தேட வேண்டும். பாட்டைப் பதிவு செய்யும்போது, பாடியவர் யாரிடம், எந்த ஊரில் கற்றார் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால்தான் அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்க முடியும்.

நன்றி, வணக்கம்.