மழை இல்லையா, தகவல் இல்லையா? செயற்கைக்கோள் மழைத் தரவைக் காப்பாற்றும் வேலை

[காட்சி: கணினித் திரை முழுக்க எண்கள். சுட்டி ஓர் எண்ணின் மேல் போய் நிற்கிறது.]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது ஐமெர்க் என்ற மழைத் தரவுத் தொகுப்பின் ஒரு கோப்பு. நாசாவில் தயாராகிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம். உலகத்தை 3600-க்கு 1800 கட்டங்களாகப் பிரித்து, குறிப்பிட்ட அரை மணி நேரத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேகத்தில் மழை பெய்தது என்று இதில் பதிந்திருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர்.

இந்தக் கட்டத்தில் 0. அதாவது மழை இல்லை. பக்கத்துக் கட்டத்தில் 10. மணிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் மழை. துருவப் பக்கமாக நகர்ந்தால் ஒரு விசித்திரமான எண் வருகிறது: -9999.9.

மைனஸில் மழை பெய்யுமா? பெய்யாது. அந்த எண்ணுக்குப் பொருள், 'இங்கே எங்களிடம் மதிப்பீடு இல்லை' என்பதுதான். மழை பெய்திருக்கலாம், பெய்யாமலும் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த எண் இதுதான்.

[காட்சி: ஒரு நாளைக்கான 48 சிறு கட்டங்கள். எட்டு மட்டும் நீல நிறம்.]

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 48 அரை மணி நேரங்கள். ஓர் ஊரில் எட்டு அரை மணி நேரம் மணிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 மில்லிமீட்டர். அந்த எட்டில் மூன்றுக்குத் தகவல் வராமல் போய், யாரோ அந்த வெற்றிடங்களில் பூஜ்யத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் 25 மில்லிமீட்டர்தான் வரும். இன்னொருவர், எண்கள் மணிக்கான வேகம் என்பதை மறந்து அப்படியே எட்டையும் கூட்டிவிட்டால் 80 மில்லிமீட்டர். ஒரே ஊர், ஒரே மழை, மூன்று விடைகள். பயிர்க் காப்பீட்டுக்கோ வெள்ள எச்சரிக்கைக்கோ இந்த எண்ணை எடுத்துப் போகிறவர் கையில் மூன்றில் எது இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

[காட்சி: திறந்தவெளியில் ஒரு மழைமானி. ஒரு கை நீரை அளவுக் குவளையில் ஊற்றுகிறது.]

தரையில் மழைமானி இருக்கும்போது வானத்திலிருந்து ஏன் அளக்க வேண்டும்? நம் ஊர் வானிலைச் செய்தியில் வரும் சென்டிமீட்டர் கணக்கு இதிலிருந்துதான் பிறக்கிறது. காலை 8:30 மணிக்கு ஒருவர் போய், சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். 2015 டிசம்பர் 2 அன்று காலை, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் என்று நாடே அறிந்தது இப்படி எடுத்த அளவுதான். இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

ஆனால் மழைமானியின் வாய் மிகச் சிறியது. ஜெர்மனியில் உள்ள உலக மழைத் தரவு மையத்துக்குத் தகவல் தரும் மழைமானிகளின் வாய்ப்பரப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் பாதிக் கால்பந்து மைதானம் நிரம்பாது என்று 2017-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மொத்த உலகத்துக்கும் அவ்வளவுதான். கடலில் மானியே கிடையாது என்று சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஒரு மானிக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுந்தூரம்.

[காட்சி: மேகத்தின் குறுக்குவெட்டு. மேலே பனித்துகள், கீழே மழைத்துளி.]

வானத்திலிருந்து மழையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். அகச்சிவப்புக் கருவி மேக உச்சியின் குளிர்ச்சியைத்தான் பார்க்கிறது. மழையே தராத உயர்மேகமும் குளிர்ந்துதான் இருக்கும், அதனால் ஏமாற வாய்ப்புண்டு. நுண்ணலைக் கருவி மேகத்துக்குள்ளேயே பார்க்கும். கடலுக்கு மேல் மழைத்துளிகளின் கதிர்வீச்சு தெளிவாகத் தெரியும். நிலத்தின் மேல், மேகத்திலுள்ள பனித்துகள்கள் நுண்ணலையைச் சிதறடிப்பதை வைத்து ஊகிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது, பனி அதிகமில்லாத தாழ்ந்த மேகங்களே அடைமழையைக் கொட்டிவிடும். அதைச் செயற்கைக்கோள் குறைத்து மதிப்பிடுகிறது. இந்தக் குறை ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

மூன்றாவது, விண்வெளி ரேடார். மழையை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் கருவி. இதைச் சுமந்து சென்ற முதல் செயற்கைக்கோள் டிஆர்எம்எம். அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் டனேகாஷிமா தீவிலிருந்து ஏவினார்கள்.

[காட்சி: பூமியைச் சுற்றும் டிஆர்எம்எம். சுற்றுப்பாதை மெல்ல உயர்கிறது.]

டிஆர்எம்எம் மூன்று ஆண்டுகளுக்கென்று திட்டமிடப்பட்டது. 350 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் உராய்வைச் சமாளிக்கவே எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. 2001 ஆகஸ்டில் அதை 402 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். ஆயுள் கூடியது. ஆனால் ரேடார் ஒரே நேரத்தில் பார்க்கும் வட்டம் 4.3 கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டராக விரிந்தது. அதே மழை இப்போது கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும். இதைக் கவனிக்காமல் இருபது ஆண்டுப் போக்கை ஒருவர் வரைந்தால், 2001-இல் மழையே மாறிவிட்டதாக முடிவுக்கு வந்துவிடுவார். மாறியது கண்ணாடி. அதனால்தான் பழைய பதிவுகளை எடுத்து, திருத்திய கணக்கு முறையில் மீண்டும் மீண்டும் ஓட்டுகிறார்கள். மெச்சுவதற்கு ஆளில்லாத இந்த மறுகணக்குதான் நம்பகத்தன்மையின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன்.

2004-இல் டிஆர்எம்எம்-ஐ நிறுத்தும் முடிவு வந்தது. மிச்சமிருக்கும் எரிபொருளைக் கொண்டு பத்திரமாகக் கடலில் இறக்கிவிடலாம் என்பது எண்ணம். புயல் ஆய்வாளர்களும் முன்னறிவிப்பாளர்களும் விடவில்லை. பணி நீட்டிக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்தது 2014 ஜூலையில்.

அந்தப் பத்தாண்டு நீட்டிப்பால் கிடைத்த மிகப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அடுத்த செயற்கைக்கோளான ஜிபிஎம் 2014 பிப்ரவரி இறுதியில் மேலே போனபோது, பழையவர் இன்னும் பணியில் இருந்தார். சில மாதங்களுக்கு இரண்டு ரேடார்களும் ஒரே காலத்து மழையைப் பார்த்தன. புதுத் தராசை வாங்கியவுடன் பழைய தராசை எறிந்துவிட்டால், இரண்டும் ஒன்றுபோல நிறுக்கின்றனவா என்று எப்படிச் சரிபார்ப்பது? கடைக்காரருக்குத் தெரிந்த அதே கணக்குதான்.

[காட்சி: பல நாடுகளின் செயற்கைக்கோள்கள்; நடுவில் ஜிபிஎம்.]

ஜிபிஎம்-இன் முக்கிய வேலையும் தராசு வேலைதான். ஒரே செயற்கைக்கோளால் அரை மணிக்கு ஒருமுறை உலகைப் பார்க்க முடியாது. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா எனப் பல நாட்டுக் கோள்களின் நுண்ணலைத் தரவையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும். ஜிபிஎம் அவற்றின் பாதைகளைக் குறுக்கே கடக்கும்போது, ஒரே இடத்தை ஒரே நேரத்தில் இருவரும் பார்த்ததை ஒப்பிட்டு மற்றவற்றைச் சீராக்குகிறார்கள். இரு பார்வைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில், கடைசியாகக் கண்ட மழைத்திரளைக் காற்றோட்டத்தின் திசையில் நகர்த்தி நிரப்புகிறார்கள்.

இந்தக் கூட்டணியில் நம் பங்கும் இருந்தது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய மேகா-டிராபிக்ஸ், 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. வெப்பமண்டலத்தை மட்டும் வளைய வரும் பாதை. அதன் முக்கிய மழைக்கருவி 2013-இல் பழுதானது. ஆனால் ஈரப்பதம் பார்க்கும் சஃபீர் என்ற கருவி பிழைத்து, அதன் தரவும் உலக மழைக் கணக்கில் சேர்ந்தது. மூன்று ஆண்டுத் திட்டம், பத்தாண்டு உழைப்பு. 2023 மார்ச் 7 அன்று அதைக் கட்டுப்பாட்டோடு பசிபிக் கடலின் மேல் இறக்கினார்கள்.

கூட்டணியில் ஒருவர் விலகினாலும் பார்வைகளுக்கு இடையிலான இடைவெளி நீளும். 2025 ஜூன் இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டிஎம்எஸ்பி கோள்களின் நுண்ணலைத் தரவு சில நாட்களில் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. கருவிகள் நன்றாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தன. சொன்ன காரணம் கணினிப் பாதுகாப்பு. புயல் பருவத்தின் நடுவில் இப்படியா என்று எதிர்ப்பு எழுந்து, முதலில் ஒரு மாதம் தள்ளிவைத்து, பிறகு வழங்கல் தொடரும் என்றார்கள். கோள் மேலே நலமாக இருந்தாலும் தரவு கீழே நின்றுபோகலாம் என்பது அந்தச் சில வாரங்களில் பலருக்கும் உறைத்தது. இதற்கு நேர்மாறாக, டிஆர்எம்எம் மறைந்த பிறகும் அதன் பழைய வடிவத் தரவை 2019 முடிவு வரை தயாரித்துக் கொடுத்தார்கள், பயனாளர்கள் ஐமெர்க்குக்கு நிதானமாக மாறுவதற்காக. விடைபெறுவதென்றால் அப்படி விடைபெற வேண்டும்.

[காட்சி: ஒரே மழை, மூன்று நிறங்களில்.]

ஐமெர்க்கைப் பயன்படுத்தப் போகிறீர்களா? கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். வெவ்வேறு பதிப்புகளை ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். அதேபோல், ஒரே மழை மூன்று முறை வெளிவருகிறது. முதல் கணக்கு சுமார் நான்கு மணி நேரத்தில் வரும். வெள்ளம், நிலச்சரிவு பார்ப்பவர்களுக்கு அது. இரண்டாவது சுமார் 14 மணி நேரத்தில் வரும். இறுதிக் கணக்குக்கு ஏறக்குறைய மூன்றரை மாதம் ஆகும். ஆய்வுக் கட்டுரைக்கும் நீண்டகாலப் போக்குக்கும் இதை மட்டும் எடுங்கள்.

ஏன் அவ்வளவு தாமதம் தெரியுமா? உலகெங்குமிருந்து மழைமானிகளின் மாதக் கணக்கு ஜெர்மனிக்கு வந்துசேர வேண்டும். வந்தபிறகு, செயற்கைக்கோளின் மாத மொத்தத்தை அதோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

[காட்சி: மீண்டும் மழைமானி. காலை வெளிச்சம். குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கும் கை.]

இன்று காலை 8:30 மணிக்குக் குறிக்கப்பட்ட அளவுகளில் சிலவும் அந்த மாதக் கணக்கில் சேர்ந்து போகும்.