டர்ன்அவுட்ல ஷார்ட் ஆகுதா? பூஸ்டரைத் திட்டாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு மாடல் ரயில் ஓட்டப் போறதில்ல, ட்ராக் போட்டிருக்கிற லேஅவுட் பலகைக்கு அடியில படுத்து வயரிங் பார்க்கப் போறோம். வழக்கம்போல மல்ட்டிமீட்டர் கையில இருக்கு.

காரணம் ஒரு அறிவுரை. டர்ன்அவுட்ல (பாதை ரெண்டாப் பிரியுற இடம்) லோகோ ஏறினதும் மொத்த லேஅவுட்டும் நின்னா, "பெரிய பூஸ்டர் வாங்கிப் போடுங்க"ன்னு சொல்றாங்க. பூஸ்டர்ங்கிறது ட்ராக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஷார்ட் ஆனதும் பூஸ்டர் கட் ஆகுதுன்னா அது தன் வேலையைச் சரியா செய்யுதுன்னு அர்த்தம். 3 ஆம்ப்பை எடுத்துட்டு 8 ஆம்ப் வச்சா ஷார்ட் போயிடுமா? போகாது. பொறி பறந்து சக்கரத்துல குழி விழும், போகியோட பிளாஸ்டிக் உருகும்.

பிரச்சனை எங்கன்னா, ஃப்ராக்ல. ரெண்டு பாதையோட உள்பக்க ரெயிலும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிற அந்த V முனை. நேர் பாதைக்கு அது ஒரு துருவத்துல இருக்கணும், பிரியுற பாதைக்கு எதிர் துருவத்துல இருக்கணும். சாதாரண டிசியோ, டிஜிட்டல் கட்டுப்பாடான டிசிசியோ, இது மாறாது. பூஸ்டர் சட்டுனு கட் ஆகுறதால டிசிசில உடனே தெரியுது, அவ்வளவுதான்.

நான் எலெக்ட்ரோஃப்ராக் கட்சிங்கிறது உங்களுக்கே தெரியும். முழு உலோக ஃப்ராக், மெதுவா போற சின்ன ஷன்ட்டர் கூட நடுவுல செத்து நிக்காது. ஆனா அதைப் போட்டா ஒரு கடமை இருக்கு: ஃப்ராக்ல இருந்து வெளிய போற ரெண்டு உள்பக்க ரெயில்லயும் இன்சுலேட்டட் ஜாயினர் (மின்சாரம் கடத்தாத ரெயில் இணைப்பு). ஒண்ணுல மட்டும் போட்டா பத்தாது, ரெண்டுலயும் வேணும். அதுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ரெயிலுக்குத் தனியா ஃபீடர், அதாவது மின்சாரம் கொண்டுவர்ற வயர், கொடுக்கணும். உலோக ஜாயினரை நம்பி மின்சாரம் கடத்துறது எனக்குச் சுத்தமா பிடிக்காது. ஃபீடருக்கு 22 கேஜ், கீழே ஓடுற முக்கிய வயரான பஸ்ஸுக்கு 2.5 சதுர மி.மீ. வயர்.

ஏற்கனவே ட்ராக் போட்டு முடிச்சிட்டீங்களா? ஜாயினர் மாட்ட வழியில்லன்னா அதே இடத்துல ரெயிலை வெட்டுங்க. இந்த கேப்பைப் பத்திக் கொஞ்சம் நேரம் பேசியே ஆகணும், ஏன்னா பாதிப் பேரோட ஷார்ட் இங்கதான் ஒளிஞ்சிருக்கு. ரேஸர் சா இல்ல மெல்லிசு கட்டிங் டிஸ்க் எடுத்துக்கோங்க. வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ரெயில் நகராம அடிச்சு ஒட்டியிருக்கணும், இல்லன்னா வெட்டினதும் முனை தூக்கிக்கும். வெட்டிட்டு அப்படியே விட்டுடாதீங்க. சூட்டுல ரெயில் நீளும், பலகை அசையும், கேப் மூடிக்கும். நேத்து வரைக்கும் நல்லா ஓடின இடத்துல இன்னைக்கு ஷார்ட் வருதுன்னா முதல்ல இங்க பாருங்க. 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டை கேப்ல சொருகி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. காஞ்சதும் ரெயில் தலையோட வடிவத்துக்கே ராவுங்க. உள்பக்கமும் ராவணும், சக்கரத்தோட ஃபிளாஞ்ச் (விளிம்பு) அங்கதான் உரசும். விரல் நகத்தை இழுத்தா தட்டாம போகணும். அப்படிப் போச்சுன்னா... பாருங்க, இது மாதிரி, எங்க வெட்டினோம்னே தெரியாது. இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அடுத்து ஃப்ராக்குக்கு மின்சாரம். விதி ஒண்ணே ஒண்ணு: பிளேடு (நகருற ரெயில்) எந்த ஸ்டாக் ரெயிலோட (அசையாத வெளிப்பக்க ரெயில்) ஒட்டி நிக்குதோ, அதே துருவம்தான் ஃப்ராக்குக்கு. டர்ன்அவுட்டைத் திருப்ப டார்ட்டாய்ஸ் மோட்டார் வச்சிருந்தா சுவிட்ச் அதுக்குள்ளயே இருக்கு. அதோட 1, 8 முனைகள் மோட்டாருக்கு. 4-ல இருந்து ஃப்ராக்குக்கு, 2-ம் 3-ம் ரெண்டு ஸ்டாக் ரெயிலுக்கு. ரெண்டு பாதையிலயும் ஃப்ராக்கைத் தொட்டதும் ஷார்ட் ஆச்சுன்னா 2, 3 வயரை மாத்திப் போடுங்க, முடிஞ்சது. ஷார்ட்டை உணர்ந்து ஃப்ராக் துருவத்தைத் தானே மாத்துற ஃப்ராக் ஜூஸர் வச்சா சுவிட்சே வேண்டாம், ஆனா அது டிசிசிக்கு மட்டும்தான். அதோட, பூஸ்டர் கட் ஆகுறதுக்கு முன்னாடி அது முந்திக்கணும்.

ஆ, இருங்க, டர்ன்அவுட்டைப் பதிக்கிறதுக்கு முன்னாடி செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. பெக்கோ கம்பெனியோட எலெக்ட்ரோஃப்ராக்கைத் திருப்பிப் பாருங்க, ஃப்ராக்கையும் குளோஷர் ரெயில்களையும் (பிளேடுக்கும் ஃப்ராக்குக்கும் நடுவுல இருக்கிற ரெயில்) இணைக்கிற ரெண்டு குட்டிக் கம்பி இருக்கும். அதை வெட்டிட்டு, ஒவ்வொரு குளோஷர் ரெயிலையும் பக்கத்து ஸ்டாக் ரெயிலோட சின்ன வயரால சால்டர் பண்ணிடுங்க. ஏன்னா வெட்டாம விட்டா திறந்திருக்கிற பிளேடும் ஃப்ராக் துருவத்துலயே இருக்கும், பக்கத்து ஸ்டாக் ரெயிலுக்கு எதிர் துருவம். சக்கரத்தோட முதுகு உரசினா ஷார்ட். மோட்டார் மெதுவா நகரும்போது, பிளேடு இன்னும் விலகாத நிலையில, மோட்டாருக்குள்ள இருக்கிற சுவிட்ச் மாறிட்டாலும் ஒரு நொடி ஷார்ட். வெட்டி இணைச்சா ரெண்டுமே போச்சு.

இன்சுலேட்டட் ஃப்ராக் (பிளாஸ்டிக் முனை) வச்சிருக்கவங்க கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ஷார்ட் வர்ற இடம், பிளாஸ்டிக் முடிஞ்சு ரெண்டு ரெயிலும் நெருங்கி நிக்கிற முனை. அகலமான சக்கரம் ரெண்டையும் சேர்த்து மிதிக்கும். நிறமில்லாத நெயில் பாலிஷ் அங்க தடவுங்க, தேஞ்சா திரும்பத் தடவுங்க. எல்லா லோகோவும் நல்லா போய் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஷார்ட் ஆச்சுன்னா வயரைத் தொடாதீங்க, அதோட சக்கர இடைவெளியை என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ் வச்சுப் பாருங்க.

சோதனை: ட்ராக்ல இருந்து எல்லா வண்டியையும் இறக்கிடுங்க, பூஸ்டர் வயரையும் கழட்டிடுங்க. ஃப்ராக்குக்கும் பிளேடு ஒட்டின ஸ்டாக் ரெயிலுக்கும் மல்ட்டிமீட்டர்ல பீப் வரணும், எதிர்ப்பக்கம் வரக்கூடாது. டர்ன்அவுட்டைத் திருப்பினா தலைகீழா. அப்புறம் பவர் கொடுத்து, டர்ன்அவுட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு நாணயத்தை ரெயில் மேல குறுக்கா வைங்க. பூஸ்டர் உடனே கட் ஆகணும். ஆகாம நாணயம் சூடாச்சுன்னா ஃபீடர் பத்தல.

கிராஸ்ஓவர் (ரெண்டு பாதையை இணைக்கிற டர்ன்அவுட் ஜோடி) கேட்டவங்களுக்கு: ரெண்டு டர்ன்அவுட்டோட ஃப்ராக்கும் சந்திக்கிற நடு ரெயில் ரெண்டுலயும் கேப், ஒவ்வொரு ஃப்ராக்குக்கும் தனி சுவிட்ச். ரிவர்ஸ் லூப் வேற கதை, அதுக்குத் தனி வீடியோ வருது.