அப்பா இல்லாத வீட்டுக்குப் பிறந்தநாள் பூ அனுப்பலாமா? சுங்கை சிப்புட் கேள்விக்குப் பதில்

வணக்கம். அடுத்த கேள்வி ஜொகூர் பாருவுலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தினம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றவங்க. அம்மா பேராக் சுங்கை சிப்புட்டுல இருக்காங்க. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு, இப்போ தாமான்னு சொல்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்துட்டாங்களாம். அடுத்த மாசம் அம்மாவுக்கு அறுபது முடியுது. லீவு கிடைக்கல, அதனால பூவாவது அனுப்பலாம்னு நெனைக்கிறாங்க. ரெண்டு சந்தேகம். ஆன்லைன்ல பொக்கே ஆர்டர் பண்ணா அந்த ஊருக்கு ஒழுங்கா போய்ச் சேருமா? அப்புறம், அப்பா தவறினதுலேர்ந்து அம்மா தலையில பூ வைக்கிறதில்ல, பூவைப் பார்த்தா அவங்க மனசு நோகுமா?

ரெண்டாவதைத்தான் முதல்ல பேசணும். டெலிவரியை எப்படியும் பார்த்துக்கலாம்.

அனுப்புங்க தங்கச்சி. தாராளமா அனுப்புங்க. நான் பூ கட்டுற தொழில்ல இருக்கிறவ. வெள்ளிக்கிழமை கடைக்கு வர்ற அம்மாமாரைப் பார்க்கிறேன்ல. புருஷன் இல்லாதவங்க வந்து, "சாமிக்கு ரெண்டு முழம் குடும்மா"ன்னு கேப்பாங்க. வாங்கிட்டு, கொஞ்சம் தயங்கி, "சும்மா வீட்டுல வைக்க அரை முழம் தனியா கட்டிக் குடு"ன்னு சொல்லுவாங்க. சாமிக்கு வாங்கின பூவை மோந்து பார்க்கக் கூடாதில்லையா, அதுக்காகத்தான் அந்த அரை முழம். எனக்கு அது தெரியும். எதுவும் கேக்காம கொஞ்சம் நெருக்கமா கட்டிக் குடுத்துடுவேன்.

பூவை வேணாம்னு சொன்னது ஊரு உறவு. உங்கம்மா சொல்லல. லயத்துல வளர்ந்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வீட்டு முன்னாடி ஒரு சின்ன இடம் கிடைச்சாப் போதும், மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, துளசின்னு வச்சிடுவாங்க. விடியக்காலை பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடி, ரப்பர் பால் வெட்டி, மத்தியானம் வந்து குளிச்சிட்டு வாசல்ல உக்காந்து பூ கட்டுவாங்க. அந்தப் பூ தாலியோட வந்தது இல்ல. சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அவங்கம்மா ரெட்டைச் சடை போட்டு வச்சு விட்டது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்ததை, புருஷன் போனதும் எடுத்துடணும்னா அது எந்த நியாயம்? என்னைக் கேட்டா, எல்லா அம்மாவும் வைக்கணும்னுதான் சொல்லுவேன்.

ஆனா வைக்கிறதும் வைக்காததும் அவங்க இஷ்டம். நீங்க பூவை அனுப்பிட்டு, "தலையில வச்சு போட்டோ அனுப்புங்கம்மா"ன்னு கேட்டுடாதீங்க. பக்கத்துல யார் இருக்காங்க, என்ன சொல்லுவாங்கன்னு அவங்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும். அவங்க மேல பாரத்தை ஏத்தக் கூடாது.

நான் கட்டுறதா இருந்தா இப்படிக் கட்டுவேன். அப்பா படத்துக்கு ஒரு சின்ன மாலை, சம்பங்கியும் துளசியும் வச்சு. சாமி மேடைக்குக் கொஞ்சம் உதிரிப்பூ. மூணாவதா, வாழை இலையில தனியா மடிச்சு ஒரு மல்லிச்சரம். அது மேல அம்மா பேரை எழுதி ஒட்டணும். இதுல மூணாவதை விட்டுடாதீங்க. சில பிள்ளைங்க சங்கடப்பட்டுக்கிட்டு அப்பா படத்துக்கு மட்டும் அனுப்பிடுறாங்க. பிறந்தநாள் அம்மாவுதுல்ல? வாசத்துக்குப் பக்கத்துல வச்சுக்கட்டும், தலையில வைக்கட்டும், அது அவங்க பாடு.

இப்போ டெலிவரி. ஆன்லைன் கடைங்க நெறைய இருக்கு, பேராக் முழுக்க அனுப்புவோம்னு போட்டிருப்பாங்க. பெரும்பாலும் ஈப்போவுல கட்டி, அங்கேர்ந்துதான் சுங்கை சிப்புட்டுக்கு வரும். சுமார் 30 கிலோமீட்டர். தூரம் பெருசில்ல, வெயில்தான் பெருசு. ரோஜா, செவ்வந்தி எல்லாம் அதிகமா கேமரன் மலையிலேர்ந்து கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியா இறங்கி வருது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துல குளிர்ல வளர்ந்த பூ. அதைக் கீழ கொண்டாந்து, மத்தியான வெயில்ல மோட்டார் சைக்கிள் பெட்டியில போட்டுக்கிட்டுப் போனா ரோஜா தலை தொங்கிடும். பொக்கேதான் வேணும்னா ஓர்க்கிட் கேளுங்க, நம்ம சூட்டைத் தாங்கும், ஒரு வாரத்துக்கு மேலயும் நிக்கும். செவ்வந்தியும் தாங்கும். கார்ல கொண்டு போவீங்களா, மோட்டார்லயான்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க. காதலர் தினம், மே மாசம் ரெண்டாவது ஞாயிறு வர்ற அன்னையர் தினம், இதை ஒட்டி பிறந்தநாள் வந்தா ரோஜா பக்கமே போகாதீங்க, விலை ஏறிக் கிடக்கும்.

ஒரு விஷயம், சீனர் கடையில ஆர்டர் பண்ணா பிறந்தநாளுக்குன்னு தெளிவா சொல்லிடுங்க. வெள்ளை, மஞ்சள் செவ்வந்தி நமக்கு மங்கலம். அவங்களுக்கு அது சாவு வீட்டுக்கும், ஏப்ரல்ல முன்னோரைக் கும்பிடுற செங் பெங் அப்போ கல்லறைக்கும் வைக்கிற பூ. நீங்க வெறுமனே "வெள்ளைச் செவ்வந்தி"ன்னு எழுதினா அவங்க வேற மாதிரி கட்டிடுவாங்க. அவங்க மேல தப்பில்ல.

விலாசத்துல கவனம் வேணும். சுங்கை சிப்புட்னு ஊரு வேற இடத்துலயும் இருக்கு. அதனால உத்தாரான்னு (வடக்குன்னு அர்த்தம்) சேர்த்து, அஞ்சல் குறியீடு 31100 கட்டாயம் போடுங்க. தாமான் வீடுன்னா மேப் காட்டும். இன்னும் தோட்டத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு அனுப்புறவங்க, டிவிஷன் பேரு, லயம், கோயிலுக்கு எந்தப் பக்கம், எல்லாத்தையும் எழுதணும். செம்பனைக்குள்ள சிக்னல் போய்டும், டெலிவரி தம்பி திரும்பி வந்துடுவாரு. தோட்டத்துல நொழைய முடியலன்னா டவுன்ல மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அடையாளத்தைச் சொல்லி, அங்க வந்து யாராவது வாங்கிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணலாம்.

இவ்வளவும் சொல்லிட்டேன். ஆனா உங்களுக்கு என் யோசனை வேற. அந்த ஊர்லயே பூக்கட்டுறவங்களைப் பிடிங்க. மார்க்கெட் பக்கமோ கோயில் வாசல்லயோ ஒட்டுக்கடை போட்டிருப்பாங்க. நம்பர் தெரியலன்னா கூடப் படிச்ச யாரையாவது கேளுங்க, ஒரு நாள்ல கிடைச்சிடும். வாட்ஸ்அப்ல எழுதாதீங்க, குரல் பதிவு போடுங்க: "அக்கா, நான் இன்ன தோட்டத்து இன்னார் மக, அம்மாவுக்கு அறுபது." அம்மா யாருன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. தோட்டம் பிரிஞ்சு சனங்க ஆளுக்கு ஒரு தாமானுக்குப் போனாலும், வெள்ளிக்கிழமை பூ வாங்க அதே டவுனுக்குத்தானே வர்றாங்க. தெரிஞ்ச கை குடுக்கிற பூவை உங்கம்மா வாங்கிப்பாங்க. ஹெல்மெட் போட்ட யாரோ நீட்டினா, "நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே தம்பி"ன்னு கதவைச் சாத்தினாலும் சாத்துவாங்க.

காசை டுவிட்நவ்ல, அதாவது போன் வழியா பேங்குக்கே அனுப்பிடலாம். கொண்டு போய்க் குடுக்கிறதுக்குன்னு தனியா சில ரிங்கிட் சேர்த்துக் குடுங்க. அவங்க கடையை விட்டுட்டுப் போகணும். வெள்ளிக்கிழமையும், தைப்பூசம், தீபாவளிக்கு முந்தின நாளும் அவங்களால நகர முடியாது, வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும், மல்லி இந்தியாவுலேர்ந்தும் விமானத்துல வருது, வரத்து கொறைஞ்சா கிடைக்காது.

நேரம் சாயங்காலம் நாலு, அஞ்சு மணி. மல்லியை மொட்டாத்தான் பறிக்கிறது, பொழுது சாய விரியும், ராத்திரிதான் வாசம் உச்சம். காலையில அனுப்பினா வெறும் மொட்டு. மறுநாள் அனுப்பினா பழுப்பு. வாங்கினதும் தண்ணி தெளிக்க வேணாம்னு சொல்லி விடுங்க, இதழ்ல கறை விழும், வாழை இலையோடயே இருக்கட்டும். பொக்கேன்னா காம்பைச் சாய்வா வெட்டி, தினம் தண்ணி மாத்தணும். பழத்தட்டுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது. வாழைப்பழம் பழுக்கும்போது வர்ற வாயு பூவைச் சீக்கிரம் வாட வச்சிடும். சாமி மேடையில இது அடிக்கடி நடக்குது.

இன்னொண்ணு, தாமான் வீட்டு வாசல் சிமெண்டாத்தான் இருக்கும், லயத்துல இருந்த செடியெல்லாம் போயிருக்கும். கொஞ்சம் கூடச் செலவு பண்ண முடிஞ்சா சரத்தோட ஒரு மல்லிச்செடியும் தொட்டியில அனுப்புங்க. மலாய்க்காரர் நர்சரியில பொக்கோக் மெலூர்னு கேட்டாக் குடுப்பாங்க. அரை நாளாவது வெயில் படுற இடத்துல வைக்கணும். பூத்து முடிஞ்ச கிளையை வெட்டி விடணும், புதுத் துளிர்லதான் மொட்டு வைக்கும். அதை உங்கம்மாவுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

சரி, அடுத்த கேள்வி கிள்ளான்லேர்ந்து, கல்யாண மாலை பத்தி.