ஆத்துல போட்டாலும் அளந்து போடு

தலைவர் அவர்களே, கோயில் வேலைக்கு நடுவுலயும் வந்திருக்கற காரியக்கார அண்ணன் அவர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, ரெண்டு தடவ மைக்க சரி பண்ணிக் கொடுத்த தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேணாம்னேன், கேக்கல, சரி. மூணு விஷயம் பேசணும்: முதுகெலும்போட அளவு, முதுகு ஆபரேஷன்ல அதுல போடற ஸ்க்ரூ, அப்புறம் குனிஞ்சு நிமிர்ற முறை.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு எங்க ஆயா சொல்வாக. கானாடுகாத்தான் வீட்டுல பர்மா தேக்குக் கதவு, கீல் ஆடுது, பழைய ஆசாரி ஊர்ல இல்ல, ஒரு சின்னப் பையன் ட்ரில்லோட வந்தான். ஆயா திண்ணையில உக்காந்து, "டேய், சட்டம் எவ்வளவு தடிமன்னு பாத்தியா?"ன்னாக. "பாத்தாச்சு ஆச்சி"ன்னான், ஸ்க்ரூவ விட்டுத் திருகுனான் பாருங்க, "படக்"குன்னு சட்டம் நெடுக்க வெடிச்சிருச்சு! "ஏன்டா இவ்ளோ தடி ஸ்க்ரூ?"ன்னா, "கடையில இந்த சைஸ்தான் இருந்துச்சு ஆச்சி"ங்கறான். சிரிக்கறீங்க, உங்க முதுகுலயும் அதே கதைதான்.

இடுப்புப் பக்கம் அஞ்சு முதுகெலும்பு, மேல இருந்து கீழ எல் 1, எல் 2ன்னு எல் 5 வரைக்கும் பேரு. ஒவ்வொண்ணுலயும் பின்பக்கத்துல இருந்து முன்பக்க உருளைக்குப் போற குட்டிப் பாலம்தான் பெடிக்கிள், வெளிய கெட்டி ஓடு, உள்ள பஞ்சு மாதிரி எலும்பு. ஸ்க்ரூ அது வழியாத்தான் போகும், பிரான்ஸ்ல ராய்-காமில்ங்கற டாக்டர் 1963-லயே ஆரம்பிச்ச முறை. மேல எல் 1-ல அகலம் 7, 8 மில்லிமீட்டர்தான், எல் 5-க்கு வந்தா 15 பக்கம், உள்நோக்கிச் சாயற கோணமும் 10 டிகிரில இருந்து 25, 30 வரைக்கும் ஏறும். ஸ்க்ரூவோட தடிமன் 5.5, 6.5 மில்லிமீட்டர். ஒல்லி எலும்புல தடி ஸ்க்ரூ போனா ஓடு வெடிக்கும், உள்பக்கம் ஒடஞ்சா அங்க நரம்பு. அதான் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு எலும்பையும் அளந்து போடு!

நம்மாளுங்க பெடிக்கிள் வெள்ளக்காரங்களோடத விட ஒல்லின்னு நம்ம நாட்டு ஆய்வுகள் பலதும் சொல்லுது. அப்ப யாரோட அளவ நம்பறது? கடையில இருந்த சைஸையா? அளக்கறதுக்கு நம்ம எலும்பு வேணும், எரிச்சுட்டா எங்க போய் அளப்பாங்க? எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உடல் தானத்தப் பத்தி இவன் பேசுவான்னு சலிச்சுக்கறீங்க, தெரியும், பேசுவேன். ஆயா கடைசி வரைக்கும் ஒத்துக்கல, "என்னைய காசிக்கு அனுப்பு, காலேஜுக்கு வேணாம்"னாக. நான் எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா எழுதுனா மட்டும் போதாது, நாளைக்குப் புள்ளைங்க மறுத்துட்டா அவ்வளவுதான், அதனால வீட்டுல சொல்லி வைங்க.

ஸ்க்ரூவும் குனியற முறையும் அடுத்த தடவ, காரியக்கார அண்ணன் இலை போட்டாச்சுன்னு கை காட்டறாரு. ஃபாரம் அந்தத் தூண் பக்கத்து மேசையில இருக்கு, கையெழுத்துப் போடறவங்க மகனையும் கூட்டிட்டு வாங்க.