கறிவேப்பிலையும் பாங்குக் கடிகாரமும்

(லண்டன் பெருநாள் ஒன்றுகூடல் பட்டிமன்றம். தலைப்பு: மேலை நாட்டு வாழ்வில் ஈமானை (இறைநம்பிக்கையை) காத்து நிற்பது பள்ளிவாசலா, வீடா? இது "வீடே" அணியின் இரண்டாவது பேச்சு.)

அஸ்ஸலாமு அலைக்கும். நடுவர் ஹஜ்ரத் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், பிரியாணிச் சட்டியை எப்போது திறப்பார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து. எனக்கு எட்டு நிமிடம். அதில் அரை நிமிடம் வாழ்த்திலேயே போச்சு.

எதிரணிக் காக்கா (அண்ணன்) ஒரு போடு போட்டார். "வீட்டில் ஈமான் வளரும் என்கிறார்கள். பத்து வருடமாக என் வீட்டில் வளர்க்கப் பார்த்தது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுவே குளிரில் செத்துப்போச்சு. செடியே வளராத வீட்டில் ஈமானா வளரும்?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல பகடி.

காக்கா, ஒரே ஒரு கேள்வி. அந்தச் செடியை எங்கே வைத்திருந்தீர்கள்? அவர் சொல்ல மாட்டார். ராத்தா, நீங்கள்தான் அவரோடு குடித்தனம் நடத்துகிறவர், நீங்கள் சொல்லுங்கள். என்னது? தோட்டத்திலா? நடுவர் அவர்களே, எதிரணியின் வீட்டிலிருந்தே சாட்சி வந்துவிட்டது. குறித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டிலும் ஒரு கறிவேப்பிலை இருக்கிறது. ஆறு வயது. ஜூன் மாதம் வெளியே போகும், செப்டம்பரில் உள்ளே வந்துவிடும். மற்ற மாதமெல்லாம் அடுப்படி சன்னலோரம், ஹீட்டருக்கு ஒரு கை தள்ளி. காக்காவின் செடி செத்தது வெளியே. என் செடி பிழைத்தது உள்ளே. கறிவேப்பிலை யார் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்! இன்னொன்று, குளிரில் அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக்கூடாது, வேர் அழுகிவிடும். ஊர்ப் பழக்கத்தில் ஒருநாள் புளித்த மோரை ஊற்றினேன். செடி தழைத்தது. மூன்று நாள் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. பட்டிமன்றத்தில் இந்த விவரமெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். காக்காதான் ஆரம்பித்தார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பள்ளியில் ஜமாஅத்தாக, கூட்டாகத் தொழுதால் 27 மடங்கு நன்மை என்றார்கள். மறுக்க முடியுமா? ஹதீஸ் அது. 1889-ல் வோக்கிங்கில் போபால் பேகம் ஷாஜஹான் தந்த பணத்தில் எழும்பிய பள்ளிவாசலைச் சொன்னார்கள். அழகான பள்ளிதான். ஆனால் அதே 1889-ல் லிவர்பூலில் அப்துல்லாஹ் குவில்லியம் என்ற வழக்கறிஞர், பிரௌம் டெரஸில் இன்னொரு பள்ளிவாசலைத் திறந்தார். அது என்ன கட்டடம்? வீடு. வரிசை வீடுகளில் எட்டாம் நம்பர் வீடு! இந்த நாட்டில் பள்ளிவாசலைப் பெற்ற தாய் வீடுதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் நாம் 39 லட்சம் பேர். பள்ளிவாசலுக்குக் குறைவில்லை. ஆனால் பிறை பார்ப்பதில் என்ன நடக்கிறது? ஒரு பள்ளி சவூதிப் பிறை என்கிறது, இன்னொன்று மொரோக்கோ என்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெருநாள், எதிர் வீட்டில் நோன்பு. "விடுமுறை எந்த நாள்?" என்று டீச்சர் கேட்டால் நம் பிள்ளைகள் வானத்தைப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமைக் குத்பா உரைக்கு மகனைக் கூட்டிப் போனால் அரைமணி நேரம் உருது. "ஹஜ்ரத் யாரைத் திட்டுகிறார்?" என்று என்னவரிடம் கேட்டிருக்கிறான். பெண்களுக்கு இடம் உண்டா என்று நான் ஒரு பள்ளியில் கேட்டேன். உண்டு என்று கூட்டிப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே, பக்கத்தில் துடைப்பக்கட்டை நின்றது. அதற்கும் எனக்கும் ஒரே ஸஃப், ஒரே தொழுகை வரிசை.

குர்ஆனில் யூனுஸ் சூராவில் 87ஆம் வசனம். ஃபிர்அவ்ன் மன்னனின் ஊரில் சிக்கியிருந்த மூஸா நபியின் சமூகத்துக்கு வந்த கட்டளை: உங்கள் வீடுகளைக் கிப்லாவாக (தொழுகையில் முன்னோக்கும் இடமாக) ஆக்கிக்கொள்ளுங்கள், தொழுகையை நிலைநாட்டுங்கள். அந்நிய ஊரில் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் கேட்டால் நான் என்ன செய்ய?

இப்போது என் உம்மாவின் கதை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இதை நாலு தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஐந்தாவது தடவை கேளுங்கள்.

2018 அக்டோபரில் காயல்பட்டினத்திலிருந்து உம்மா ஆறு மாத விசாவில் வந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், தொழுகை அழைப்பு காதில் விழாமல் கேட்டார்கள், "இந்த ஊரில் பாங்கே சொல்ல மாட்டாங்களா?" பக்கத்துப் பள்ளியில் சொல்வார்கள், ஆனால் உள்ளே மட்டும்தான் கேட்கும் என்றேன். உம்மா யோசித்தார்கள். "உள்ளே இருக்கிறவன்தான் வந்துட்டானே. வராதவனுக்குத்தானே பாங்கு?" இதற்குப் பதில் எதிரணியில் யாரிடமாவது இருந்தால் என் மீதி நேரத்தை அவர்களுக்கே தருகிறேன்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள். மாசிக் கருவாட்டுக்கும் வட்டிலப்பத்துக்கும் நடுவில், நாலு சேலையில் சுற்றி, பச்சை நிறத்தில் ஒரு பாங்குக் கடிகாரம். குப்பாவும் மினாராவும் வைத்த பிளாஸ்டிக் சாமான், எல்லார் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஊரை லண்டன் என்று மாற்றி, மத்ஹபை, அதாவது சட்டப் பிரிவை, ஷாஃபி என்று வைத்து, முன்னறைச் சுவரில் மாட்டினோம். விடிகாலைச் சுபுஹுக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்தோம். எங்கள் வீடு ஒட்டு வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலேய அம்மா, தனியாக இருக்கிறார். புகார் வரும் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

புகார் வரவில்லை. இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. முட்டிவலி இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளைகள் உம்மும்மா, உம்மும்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்து, "மிஸஸ் உம்மா" என்று கூப்பிடத் தொடங்கினார். உம்மாவும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரலில் உம்மா ஊருக்குப் போனார்கள். ஜூனில் ஒருநாள் கதவு தட்டும் சத்தம். அந்த அம்மா. கையில் மாத்திரை டப்பா. வந்துவிட்டது புகார் என்று நினைத்தேன். அவர் கேட்டார், "உங்கள் கடிகாரம் பழுதாகிவிட்டதா? மதிய மாத்திரையை அது பாடும்போதுதான் போடுகிறேன். வரவர ரொம்பத் தாமதமாகப் பாடுகிறதே?"

புரிகிறதா? அவர் மதிய மாத்திரையைப் பிற்பகல் தொழுகையான அஸரின் பாங்குக்குப் போட்டிருக்கிறார்! டிசம்பரில் லண்டனில் அஸர் ஒன்றே முக்காலுக்கு. ஜூனில் ஐந்தரையை நெருங்கிவிடும். நாளுக்கு ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாக அவருடைய மதியம் சாயங்காலத்துக்கு நகர்ந்திருக்கிறது, ஆறு மாதமாக. நாங்கள் ஹனஃபி மத்ஹபாக இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும், அந்த அம்மாவின் கதி என்ன! மன்னிப்புக் கேட்டேன், அலாரம் வைத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லையாம். எனக்கு இதுதான் பழகிவிட்டது" என்றார். நடுவர் அவர்களே, நாங்களே வேலை, கார், மீட்டிங் என்று அஸரைத் தவறவிட்ட நாள்கள் உண்டு. அவர் ஒருநாள் தவறவிடவில்லை. எந்தப் பள்ளிவாசலின் பாங்கு அந்தச் சுவரைத் தாண்டியது, சொல்லுங்கள்?

2020. மார்ச்சில் பள்ளிவாசல்களைப் பூட்டினார்கள். ஏப்ரல் கடைசியில் ரமளான் வந்துவிட்டது. சோபாவைத் தள்ளிவிட்டு முன்னறையில் ரமளான் இரவுத் தொழுகை, தராவீஹ். அதில் எட்டு ரக்அத்தா இருபதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பத்து வயது மகன்தான் இமாம். ஹஜ்ரத் முகம் சுளிக்க வேண்டாம், ஷாஃபியில் கூடும். புத்தக அலமாரியில் செல்பேசி, அதில் உம்மா. இங்கே இரவு பத்தேகால் என்றால் காயலில் இரண்டே முக்கால், நோன்புக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அவன் வழ்ழுஹா சூரா ஓதினான். "வல்லைலி இதா ஸஜா" வரைக்கும் வந்தான், நின்றுவிட்டான். அடுத்தது வரவில்லை. நாங்களும் மறந்துபோய் நிற்கிறோம். அலமாரியிலிருந்து மெல்ல ஒரு குரல், "மா வத்தஅக ரப்புக..." உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை. தொழுகைக்கு வெளியே இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாமா என்ற சட்டத்தை இப்போது யாரும் கேட்காதீர்கள். அவன் பிடித்துக்கொண்டான், ஓதினான்.

அப்துல்லாஹ் யூசுஃப் அலியைத் தெரியாதவர் இங்கே இல்லை. நம் அலமாரியில் ஆங்கிலக் குர்ஆன் என்றால் பெரும்பாலும் அவர் மொழிபெயர்த்ததுதான். வோக்கிங் பள்ளிக்கு அறங்காவலராக இருந்தவர். 1938-ல் கனடாவின் முதல் பள்ளிவாசல் எட்மன்டனில் திறந்தபோது அந்த விழாவில் நின்றவர். 1953 டிசம்பரில், 81 வயதில், இதே லண்டன் தெருவில் நினைவு தடுமாறிக் கிடந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் தனியாக உயிர் பிரிந்து மவுத்தானார். வோக்கிங் பக்கத்தில் புரூக்வுட்டில் கபர். பள்ளிவாசல் எத்தனை இருந்தது அவருக்கு! திரும்பிப் போக ஒரு வீடு இல்லை. அவரைக் கைவிட்டதில் சமூகத்துக்கும் பங்கு உண்டே, இது என்ன வாதம் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். எனக்கு அந்தக் குளிர்தான் நினைவுக்கு வருகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், ஹஜ்ரத். ஒரு நிமிடம்.

2021 ஜனவரியில் உம்மா மவுத்தாகிவிட்டார்கள். விமானம் ஒழுங்காக ஓடாத நாள்கள். ஜனாஸா தூக்கியதையும் இதே முன்னறையில், அதே செல்பேசியில்தான் பார்த்தேன். அன்று மதியம் லுஹருக்கு அந்தக் கடிகாரம் பாங்கு சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணி. கதவு தட்டும் சத்தம். அந்த அம்மா. முகத்தில் மாஸ்க், கையில் மாத்திரை டப்பா. "இரண்டு நாளாக மிஸஸ் உம்மாவின் கடிகாரம் பேசவில்லையே" என்றார். நான் சொன்னேன். அவர் படியிலேயே நின்றார், போகவில்லை. மகன் உள்ளே போய்ப் பிளக்கைச் செருகினான். நேரமெல்லாம் அழிந்து போயிருந்தது, எந்தப் பட்டனை அழுத்தினானோ, பட்டப்பகலில் அது சுபுஹு பாங்கு சொல்லத் தொடங்கியது. தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று முழுச் சத்தத்தில். அந்த அம்மா முடியும்வரை கேட்டார். மாஸ்க்கை இறக்கினார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

வஸ்ஸலாம்.