முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

(கண்தானத் தொண்டர் ஒருவரின் நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, அறுவை சிகிச்சை நேரத்தையே மாற்றி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் கண் வங்கித் தலைமை மருத்துவர் அவர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, அரங்கத்தைக் கட்டணமின்றித் தந்த நிர்வாகக் குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியார் அவர்களே, பிள்ளைகளே, தொண்டர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மேடைக்கு அழைத்தும் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் கண் வங்கியின் தொழில்நுட்பர். மறைந்த நம் அண்ணன் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றவர் அவர். ஒருமுறை கைதட்டிவிடுவோம். தலைவர் அவர்கள் நேரத்துக்காகப் பொறுத்தருள வேண்டும்.

ஒருவர் மறைந்தால் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று சொல்லி அமர்வது மேடை வழக்கம். அண்ணனைப் பற்றி நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அவர் செய்தது யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கற்றுக்கொள்ளாமல் விட்டால்தான் அது ஈடுசெய்ய முடியாததாகும். அதனால் மூன்று விஷயங்களைப் பேச நினைத்திருக்கிறேன். அவர் எப்படி வேலை செய்தார், எங்கெல்லாம் அந்த வேலை தடைபடும், இனி அதை யார் யார் பகிர்ந்துகொள்வது.

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பார்கள். கண்தானத்தைப் பொறுத்தவரை இது அப்படியே உண்மை. உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். ஏழாவது மணி நேரத்தில் வரும் நல்ல மனதால் பெரும்பாலும் பயனில்லை.

நள்ளிரவில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வரும். அழுகைக்கு நடுவே பேசுவார்கள். மற்றவர்கள் என்றால் ‘ஐயோ, எப்படி ஆச்சு?’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அண்ணன், ‘எத்தனை மணிக்கு ஆச்சு?’ என்பார். அடுத்து, ‘தலைக்கு மேல ஃபேன் ஓடுதா? முதல்ல அதை நிறுத்துங்க.’ மூன்றாவதாக, ‘இமை முழுசா மூடியிருக்கா, லேசாத் திறந்திருக்கா?’ இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆறுதல். முதல்முறை கேட்பவர்களுக்குக் கல்நெஞ்சக்காரர் என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று கேள்விகளில்தான் இரண்டு பேரின் பார்வை இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்தானம் என்றால் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்கு வைப்பது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொருத்துவது கருவிழியை, அதாவது கார்னியாவை மட்டும்தான். கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி போலக் கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான சவ்வு அது. குறுக்களவு 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நடுவில் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். வளர்ந்தவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 இருக்கும். இறந்துபோன செல்லுக்குப் பதிலாக இன்னொன்று உண்டாவதில்லை. எடுத்த கருவிழியைக் கண் வங்கியில் நுண்ணோக்கியில் வைத்து இந்தச் செல்களை எண்ணுகிறார்கள். பார்வைக்கான மாற்று அறுவைக்குப் பொதுவாக 2,000-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கணக்கில் குறைகிறது. வெயில் காலத்தில் இன்னும் வேகமாகக் குறைகிறது.

ஃபேன் விஷயம் கருவிழியின் வெளிப்புறத்தைச் சேர்ந்தது. உயிர் போன பிறகு இமைகள் பல நேரம் பாதி திறந்தே நிற்கும். இமைப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. மேலே ஃபேன் சுழன்றால் மேல்படலம் காய்ந்து உரிந்துவிடும். ஆகவே ஃபேனை நிறுத்த வேண்டும். ஏசி ஓடலாம், குளிர் நல்லதுதான். உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் எடுக்க முடியும். இமைகளை மெதுவாக மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சையோ துணியையோ மேலே வைக்க வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பஞ்சை வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அது காய்ந்து இமையோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது இழுத்தால் இமை திறந்துவிடும். ஒருவரை உட்கார வைத்து, ‘இந்தப் பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை’ என்று சொல்லிவிட வேண்டும். அண்ணன் இதைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் விடலைப் பையன்களிடம் ஒப்படைப்பார். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

தலைக்கடியில் தலையணை வைத்து 6 அங்குலம் உயர்த்த வேண்டும். முகத்தில் இரத்தம் தேங்காமல் இருந்தால் வீக்கமும் கசிவும் குறையும். கண் வங்கிக் குழு வருவதற்குள் மருத்துவரின் இறப்புச் சான்று, பழைய சிகிச்சைக் காகிதங்கள், சம்மதக் கையெழுத்துப் போட நெருங்கிய உறவினர் ஒருவர், சாட்சிகள் என எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

யாரிடமிருந்து எடுக்கலாம் என்பதில் ஏகப்பட்ட குழப்பம். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை உள்ளவர், இரத்த அழுத்தம் உள்ளவர், முதியவர் என யாருக்கும் இவை தடையில்லை. வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி வகைத் தொற்று, இரத்தப் புற்றுநோய், இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, காரணம் தெரியாத மரணம் ஆகியவற்றில் எடுப்பதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நாம் சொல்ல வேண்டாம். அழைப்பது நம் வேலை, முடிவு செய்வது கண் வங்கியின் வேலை. பார்வைக்குப் பயன்படாத கருவிழியும் ஆராய்ச்சிக்கும் இளம் மருத்துவர்களின் பயிற்சிக்கும் உதவும்.

இப்போது ஒரு சம்பவம். தொண்டர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இந்த அரங்கில் மறுபடியும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இரவு 9.10-க்கு இறந்துவிட்டார். உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தவர்தான். அட்டை பீரோவுக்குள், பட்டுத் துணிகளுக்கு அடியில். வீட்டில் இருந்தவர்களில் இளைய மகனுக்கு மட்டும் அரைகுறையாக விஷயம் தெரியும். அவர்தான் கூப்பிட்டார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது மூத்த மகன் வாசலிலேயே மறித்துக்கொண்டார். ‘ஐயா, நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா எங்க அக்கா ராத்திரி பஸ்ஸில் வந்துக்கிட்டிருக்கு. காலையில் வந்து அப்பா முகத்தைப் பார்க்கணும். கண் இருக்கிற இடத்தில் குழியைக் காட்டச் சொல்றீங்களா?’

அண்ணன் வாதாடவில்லை. ‘தம்பி, வேணும்னா கொடுங்க, வேண்டாம்னா விடுங்க. இப்போதைக்கு ஃபேனை மட்டும் நிறுத்திட்டு, ஈரப் பஞ்சு வெச்சு, தலையணையைக் கொஞ்சம் உயர்த்துவோம். வேண்டாம்னு முடிவெடுத்தா பஞ்சை எடுத்துடலாம், ஒண்ணும் குறைஞ்சு போகாது’ என்றார். புதிய தொண்டர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அவர் சம்மதம் கேட்கவில்லை, அவகாசம் வாங்கினார். செய்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

10 மணி, 11 மணி, 12 மணி. உள்ளே மகன்கள் இருவருக்குள்ளும் பேச்சு. கடைசியில் இளையவர் பஸ்ஸில் இருந்த அக்காவைப் போனில் பிடித்தார். அந்த அம்மா அழுதுகொண்டே ஒரே வரியில் சொன்னார்: ‘அப்பா என்கிட்ட சொல்லியிருக்கார்டா, கொடுத்துடுங்க.’ மூத்தவர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ‘நான் பக்கத்தில் நின்னு பார்ப்பேன்.’ வழக்கமாகக் குடும்பத்தினரை வெளியே இருக்கச் சொல்வார்கள். அன்று அண்ணன் தொழில்நுட்பரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார்.

கண் வங்கிக் குழு வேலையைத் தொடங்கியபோது மணி 1.30. நாலு மணி இருபது நிமிடம் கடந்திருந்தது. முதலில் பரிசோதனைக்காகக் கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்கள். கிருமிநாசினிச் சொட்டு விட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்தார்கள். பிறகு கருவிழியைச் சுற்றி 2 முதல் 4 மில்லிமீட்டர் வெண்விழி விளிம்போடு வட்டமாக வெட்டி, மடங்காமல் தூக்கி, இளஞ்சிவப்பு நிறத் திரவம் உள்ள சிறு குப்பியில் இறக்கினார்கள். மடங்கினால் உட்புறச் செல்கள் நசுங்கிவிடும், அதுதான் அங்கே உயிர்நாடி. அடுத்த கண்ணும் அப்படியே. இமைக்குள் சிறு பிளாஸ்டிக் மூடி வைத்து மூடினார்கள். மொத்தம் 20 நிமிடம். மூத்தவர் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். குழியும் இல்லை, இரத்தமும் இல்லை. தூங்குகிற முகம்.

விடிந்து அக்கா வந்தார். அப்பாவின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்து முகத்தைத் தடவி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டார்: ‘எப்போடா வந்து எடுக்கப் போறாங்க?’

அந்த மூத்த மகன் இப்போது இதே அரங்கில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தில் உறுதிமொழி அட்டை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பீரோவுக்குள் படுத்திருந்தது. மகளிடம் ஒருநாள் பேசிய பேச்சுதான் கண்ணைக் கொடுத்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் வாய் திறக்காமல் இருந்தால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். உயிர் போன பிறகு கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் முதல்முறையாக அதைக் கேள்விப்படும் நேரம் அதுவாக இருக்கக் கூடாது.

இந்த அறுவை ஒன்றும் புதுமை இல்லை. 1905 டிசம்பரில் எட்வார்ட் சிர்ம் என்ற மருத்துவர் இன்றைய செக் நாட்டில் உள்ள ஒலமௌட்ஸ் நகரில் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றைச் செய்தார். அவருக்குக் கிடைத்தது, அடிபட்டதால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண். இறந்தவரின் கருவிழியே போதும் என்று பின்னால் ஒடெசாவில் ஃபிலடோவ் என்ற மருத்துவர் நிலைநாட்டினார். 1944-இல் நியூயார்க்கில் கண் வங்கி வந்தது, அடுத்த ஆண்டே சென்னையிலும் வந்துவிட்டது. முன்பு எடுத்த கையோடு பொருத்தியாக வேண்டும். 1974-இல் மெக்கேரி, காஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய திரவம் குளிர்நிலையில் சுமார் 4 நாள் தாங்க வைத்தது. இப்போதுள்ள திரவங்களில் 14 நாள்வரை வைக்கலாம். ஒரே கருவிழியின் அடுக்குகளைப் பிரித்து இருவருக்குப் பொருத்தவும் முடிகிறது. அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. இன்னும் திண்டாடுவது அந்த முதல் 6 மணி நேரம்தான்.

அண்ணன் காலமானது மருத்துவமனையில். அண்ணியார் முதலில் செய்தது என்ன தெரியுமா? கட்டிலுக்கு மேலே சுழன்ற ஃபேனை நிறுத்தச் சொன்னார். பிறகு பர்ஸிலிருந்த எண்ணை எடுத்துத் தானே கண் வங்கிக்குப் பேசினார். இரண்டு கருவிழிகளும் எடுக்கப்பட்டன. யாருக்குப் பொருத்தினார்கள் என்று பலர் கேட்கிறீர்கள். கேட்கக் கூடாது, சொல்லவும் மாட்டார்கள். கொடுத்தவர் குடும்பமும் பெற்றவர் குடும்பமும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதுதான் முறை.

ஆனால் அன்று அந்த வார்டில் கண் வங்கியின் எண் எங்குமே இல்லை. அண்ணியாரின் பர்ஸில் இருந்தது, அவ்வளவுதான். கண்காணிப்பாளர் அவர்கள் மேடையில் இருப்பதால் இதைப் பணிவோடும் அழுத்தமாகவும் கேட்கிறேன். வீட்டில் நடக்கும் மரணத்துக்கு நாம் ஓட வேண்டியிருக்கிறது. சான்று தர மருத்துவரைத் தேட வேண்டும், நோய் வரலாற்றை விசாரிக்க வேண்டும், நேரத்தை ஊகிக்க வேண்டும். மருத்துவமனையில் இவை எல்லாம் கையிலேயே இருக்கின்றன. நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கிறது, காரணம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது, சான்று தர மருத்துவர் அங்கேயே நிற்கிறார். இல்லாத ஒன்று, கேட்பதற்கு ஓர் ஆள். குடும்பத்தினரைத் தனியே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்கத் தெரிந்த ஓர் ஆலோசகரை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நியமியுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் மேசையில் அந்த எண்ணை ஒட்ட அனுமதி கொடுங்கள். உடல் பிணவறைக்குப் போன பிறகு கேட்டால், மறுபடியும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நேரம் முடிந்ததாகத் தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பிவிட்டார். வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றி அடுத்து வரும் செயலாளர் பேசுவார்.

வெளியே மேசையில் சிறு தாள்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் உள்ளன, கண் வங்கியினுடையது ஒன்று, இரவில் எடுக்கும் தொண்டருடையது மற்றொன்று. எண்ணுக்குக் கீழே ‘ஃபேன், இமை, ஈரப் பஞ்சு, தலையணை’ என்று நான்கு சொற்கள். பீரோவில் வைக்காதீர்கள், வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் இன்னும் அச்சடித்துத் தருகிறோம். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.