மூன்று நிறம், ஒரு குண்டூசி

(கொடி நாள் விழாவில் பேசியது. மைக் இரண்டு முறை நின்றுபோன இடங்களை மட்டும் ஒட்டுப்போட்டிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்து முதல் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்ட மாவட்ட ஆட்சியர் அவர்களே, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவி இயக்குநர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே (மின்கட்டணத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் செயலாளர் மூன்று முறை கெஞ்சிப் பார்த்துவிட்டார்), தேசிய மாணவர் படைப் பிள்ளைகளைக் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிறுத்திய தலைமையாசிரியை அவர்களே, எங்கள் சங்கத்தின் மூத்தவர் கர்னல் ஐயா அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிகளே, பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட விமானப்படை நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷத் தாளைப் பார்த்துத்தான் படிக்கிறேன். ஆட்சியர் மட்டும்தான் மாறியிருக்கிறார்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘முப்படைகளின் பெருமையும் போட்டியும்’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒன்று, இந்தக் கேலியும் போட்டியும் எங்கிருந்து வருகின்றன. இரண்டு, அதனால் நன்மையா தீமையா. மூன்று, மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கூட்டுக் கட்டளைகளாக அமைக்கப் போகிறார்களே, அதைப் பற்றிய என் கருத்து. பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் கொடியைப் பாருங்கள். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் இதே மூன்று நிறம்தான். காலையில் வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சிவப்பு மட்டும் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது? அச்சடித்தவன் தரைப்படைக்காரனோ?” கேட்டவர் எந்தப் படை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. முப்பது வருஷம் சேவையில் இருந்து நான் கற்றுக்கொண்ட படை சாஸ்திரம் மொத்தமும் அதற்குள் அடக்கம். தரைப்படைக்காரன் பரம்வீர் சக்ராவை எண்ணிக் காட்டுவான். இதுவரை இருபத்தொரு பேர், அதில் இருபது பேர் எங்கள் ஆள் என்பான். விமானப்படைக்காரன், எங்களுக்கு ஒரே ஒருவர்தான், ஆனால் நிர்மல்ஜித் சிங் சேகோன் 1971-இல் ஸ்ரீநகர் வானத்தில் செய்ததை உங்களில் யார் செய்வீர்கள் என்பான். கடற்படைக்கு அந்தப் பட்டியலில் ஆளே இல்லை. ஐந்து நட்சத்திரப் பதவியும் அப்படித்தான். தரைப்படைக்கு மானெக்‌ஷாவும் கரியப்பாவும், விமானப்படைக்கு அர்ஜன் சிங். கடற்படைக்கு ஒருவரும் இல்லை. இதைச் சொல்லிக் கடற்படைக்காரனைச் சீண்டினால் அவன் அலட்டிக்கொள்ள மாட்டான். “கப்பலில் நட்சத்திரத்தை வானத்தில் பார்ப்போம், தோளில் இல்லை” என்பான். இந்தப் பதிலை நான் நேரில் கேட்டது 1979-இல். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் நான் ஒரு ராணுவ மருத்துவமனையில் ஆறு வாரம் படுத்திருந்தேன். கால் எலும்பு முறிவு. மூன்று படைக்கும் மருத்துவப் பிரிவு ஒன்றுதான் என்பதால் யார் வேண்டுமானாலும் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். எனக்கு இடப்பக்கம் ஒரு கடற்படை அண்ணன், சிறுநீரகக் கல். வலப்பக்கம் ஒரு விமானப்படைத் தம்பி, வாலிபால் ஆடிக் கையை முறித்துக்கொண்டவன். மூன்று பேரும் தமிழர்கள். மூன்று பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி உடுப்பு. சட்டையைப் பார்த்து எந்தப் படை என்று சொல்ல முடியாது. அதனால் வாயால்தான் நிரூபித்தாக வேண்டும்!

முதல் நாள் தம்பி என்னைக் கேட்டான், “அண்ணே, கால் எப்படி?” நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பணியில் ஏற்பட்டது” என்றேன். எல்லை, குண்டு, பனிமலை என்று அவர்களாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் சிஸ்டர் வந்தார். அவர் லெப்டினென்ட், நாங்கள் படுத்தபடியே அட்டென்ஷனில் இருக்க வேண்டும். என் அட்டையை எடுத்து வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: “கிளார்க். ஆவண அறையில் ஏணியிலிருந்து விழுந்தது.”

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துக் கல்லே இறங்கியிருக்கும். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘ஏணி’.

அந்த அண்ணன் தரையைத் தரை என்று சொல்ல மாட்டார், டெக் என்பார். சுவர் பல்க்ஹெட். சமையலறை ‘கேலி’ (galley). ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்தால் “கரைக்குப் போகிறேன்” என்பார், கடல் அங்கிருந்து எத்தனையோ மைல். ஒருநாள் சல்யூட்டில் ஆரம்பித்தது சண்டை. எங்கள் சல்யூட்டில் உள்ளங்கை எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை கீழே பார்க்கும். “கையில் ஆயுதம் இல்லை என்று நேர்மையாகக் காட்டுகிறோம், நீங்கள் எதை மறைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “வேலை செய்த கை தம்பி, தாரும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை அதிகாரிக்குக் காட்டுவது மரியாதை இல்லை. உன் கையில் மை மட்டும்தானே, தாராளமாகக் காட்டு” என்றார். அப்போது விமானப்படையும் எங்களைப் போலத்தான் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது. 2006-இல் அவர்களும் நாற்பத்தைந்து டிகிரிக்குச் சாய்த்துக்கொண்டார்கள். இப்போது மூன்று கை, மூன்று கோணம்.

பெரிய சண்டை, பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்தைப் பற்றியது. 1971 டிசம்பர் 4 காலையில் நம் ஹண்டர் விமானங்கள் கியாமாரி எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கின. அன்று இரவே கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சியை அடித்தன. அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். சரி, தொட்டி எரிந்தது யாரால்? தம்பி சொன்னான்: “நாங்கள் கொளுத்திய வெளிச்சத்தில்தான் உங்கள் படகுக்கு வழியே தெரிந்தது.” அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “கராச்சி எரிந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய். 8-ஆம் தேதி மறுபடியும் போய் அடித்தது யார், உன் வாத்தியாரா?” நான் சும்மா இருந்திருக்கலாம். அதே போரில் ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டையை இழுத்தேன். நூற்றிருபது பேர் டாங்கிகளுக்கு எதிரே நின்றார்களே என்றேன். தம்பி என் பக்கம் திரும்பினான். “விடிந்ததும் ஹண்டர் வராவிட்டால்?” “விடியும் வரை பிடித்து நின்றது யார்?” இப்படியே போனது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அம்மா சொன்னது மூன்று கட்டிலுக்கும் பொருந்தியது. இன்றைக்கும் இந்த இரண்டு வழக்கும் முடியவில்லை. பின்வரிசையில் இப்போதே முணுமுணுப்பு கேட்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேலி நின்றது. தம்பி ஏதோ ஒரு வேகத்தில், “கப்பல் மூழ்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டான். அண்ணன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “குக்ரியில் என்னோடு பயிற்சி எடுத்தவன் இருந்தான்” என்றார். குக்ரி, 1971 டிசம்பர் 9-இல் பாகிஸ்தான் மூழ்கடித்த நம் போர்க்கப்பல். அதோடு போனவர்கள் பதினெட்டு அதிகாரிகள், நூற்றெழுபத்தாறு மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை. தம்பி வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவனுக்குக் கொடுத்த ஆரஞ்சைக் கட்டுப்போடாத கையால் எடுத்து, என்னைத் தாண்டி எட்டி, அண்ணனின் அலமாரி மேல் வைத்தான். அண்ணன் உரித்து மூன்றாகப் பிரித்தார். எனக்குக் கிடைத்தது இரண்டு சுளை. அதையும் ‘ஏணிக்கு இது போதும்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர்த் தமிழர்கள் சிலர் பழம் கொடுக்க வந்தார்கள். ஒரு பெரியவர் அன்பாக, “நீங்க மூணு பேரும் எதுல இருக்கீங்க?” என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அவர் குழம்பிப்போய், “எல்லாம் மிலிட்டரிதானே? ஒண்ணுதானே?” என்றார். அவ்வளவுதான்! ஒன்றா? அண்ணன் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். தம்பி ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். நான் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். ஆறு வாரத்தில் நாங்கள் மூவரும் ஒரே கட்சியாக நின்றது அந்தப் பெரியவரை எதிர்த்துத்தான். பாவம், பழக்கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். சிஸ்டர் வந்து மூவருக்கும் தண்டனையாக அந்தப் பழத்தை அடுத்த வார்டுக்குக் கொடுத்தார்.

நேரமாகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். நன்மையா தீமையா என்று கேட்டேன் அல்லவா? சீண்டல் நன்மைதான். அடுத்தவன் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற ரோஷத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. 1965 போரில் தங்களுக்குப் பெரிய வேலை கிடைக்கவில்லையே என்ற மனக்குறை இல்லாவிட்டால், 1971-இல் கடற்படை அந்த ஆவேசத்தோடு கிளம்பியிருக்குமா? பணத்துக்கும் பதவிக்கும் அடித்துக்கொள்ளும்போதுதான் தீமை. அது பெரியவர்கள் பாடு. கூட்டுக் கட்டளை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே 2021 டிசம்பர் 8-இல் மறைந்தார். நாளை அவர் நினைவு நாள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆட்சியர் அவர்கள் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடற்படை அண்ணன் நான்கு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். அண்ணி குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். கணவரின் சேவை ஆவணத்தில் அண்ணிக்கு வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். பிறந்த தேதியிலும் இரண்டு வருஷ வித்தியாசம். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வாருங்கள் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். வாங்கிப் போனால், இது போதாது, உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று இன்னொரு அலுவலகத்தில் சொன்னார்கள். பதினான்கு மாதம். முப்பத்தாறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்திய பெண், நான்தான் அவர் மனைவி என்று ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிக்கொண்டு நின்றார். கூடப் போனது யார் தெரியுமா? விமானப்படைத் தம்பி. அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

இதில் என் பங்கும் உண்டு. நான் கிளார்க். கல்யாணம் முடித்துவிட்டு வரும் சிப்பாய் என் மேசை முன் நிற்பான். “பெயர்?” என்பேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே மெதுவாகச் சொல்வான். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுவேன். முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று வீட்டுக்குப் போய் எழுதிப் பாருங்கள். பிறந்த தேதி தெரியாது என்பான். ஜூன் 1 என்று போட்டுவிடுவேன். அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாடு ஜூன் 1-இல்தான் பிறந்தது. இப்படிக் குடும்ப விவரத்தைப் பதியும் தாளுக்கு எங்களிடம் பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். விமானப்படையில் பி.ஓ.ஆர். கடற்படையில் ஜென்ஃபார்ம். பெயரில்கூட ஒத்துப்போக மாட்டோம். தப்பில் மட்டும் மூன்று படையும் ஒற்றுமை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மார்தட்டுகிறோமே, வீட்டில் இருக்கும் பொன்னின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா? ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க ஓடுகிறோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கடைசியாகத் திறந்தது எப்போது? கை தூக்குங்கள் பார்ப்போம்… நான்கு பேர். அதில் ஒருவர் கர்னல் ஐயா, அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

நாம் உயிரோடு இருக்கும்போது நம் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம், ஒரு உறுதிமொழிப் பத்திரம் என்று ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்துவது ஒரு மாதிரி. நாம் போன பிறகு அவர்கள் தனியாக நின்று திருத்துவது வேறு மாதிரி. இப்போது மூன்று படைக்கும் ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற ஒரே இணைய முறையில்தான் வருகிறது. அதில் மனைவியின் பெயர், பிறந்த தேதி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பேரப்பிள்ளையை விட்டாவது திறந்து பாருங்கள். உதவி இயக்குநர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு நாள், இதற்கென்றே ஒரு எழுத்தரை எங்களுக்கு ஒதுக்க வேண்டும். தலையாட்டினார், நன்றி. தலையாட்டியதற்கு இங்கே இருநூறு பேர் சாட்சி.

கூட்டுக் கட்டளை பற்றிப் பேச நேரமில்லை. அதை டெல்லியில் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இந்த மண்டபத்து வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மனைவியின் ஆதார். முடிந்தால் மனைவியையும் அழைத்து வாருங்கள், பெயரை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறேன். இன்றைக்கே ஆரம்பிக்க விரும்புபவர்களுக்கு வாசலில் படிவம் இருக்கிறது, தம்பி எடுத்துக் கொடுப்பான். மேசையில் இரண்டு பேனா. கண்ணாடி மறந்தவர்களுக்கு என் கண்ணாடி. வரிசையில் யார் முதலில் என்று சண்டை வேண்டாம், சகோதரிகள் முதலில் வரட்டும். வணக்கம்.